நுரை

சென்ற ஏப்ரலில் எங்கள் வீட்டு ஏசி ஓடியது, சத்தம் போட்டது, கரண்ட் பில்லை ஏற்றியது. குளிர மட்டும் இல்லை. மெக்கானிக் தம்பி வந்து மொட்டை மாடியில் இருந்த அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கேஜ் மாட்டி, முள்ளைப் பார்த்தார். "கேஸ் சுத்தமா இல்ல சார்" என்றார். அப்படியென்றால் அடித்துவிட்டுப் போங்கள் என்றேன். எல்லா வீட்டிலும் சொல்வது அதுதான் போலிருக்கிறது. "லீக் எங்கன்னு பாக்காம அடிச்சா ரெண்டு மாசத்துல திரும்பக் கூப்பிடுவீங்க சார். அப்ப என்னையத்தான் திட்டுவீங்க."

நைட்ரஜன் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறிவந்து குழாய்க்குள் அழுத்தம் ஏற்றினார். என் மனைவியிடம் ஒரு பழைய டம்ளரும் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் கேட்டு வாங்கிக் கரைத்தார். அரை அங்குல பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் அந்த நுரையைப் பூசினார். பூசிவிட்டுக் குத்தவைத்துக் காத்திருந்தார். முதல் இணைப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. வால்வை ஒட்டிய பித்தளை நட்டில் கடுகளவு குமிழி ஒன்று எழும்பியது, பெருத்தது, உடைந்தது, அதே இடத்தில் மறுபடி எழும்பியது. "இந்தா இருக்கு பாருங்க."

கண்ணுக்குத் தெரியாத ஒன்று எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க, அதன்மேல் ஒரு மெல்லிய படலத்தைப் பூசிவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். பன்னாட்டு ஆய்வு ஒத்துழைப்பு என்று பெரிய சொற்களில் பேசப்படும் காரியத்தைப் பற்றி நான் வாசித்த எதுவும் அந்த டம்ளர் சோப்புத் தண்ணீர் அளவுக்கு எனக்கு அதை விளங்கவைத்ததில்லை.

மதுரையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்த வீரபத்ரன் ராமநாதன், 1960-களின் நடுவில் செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதனத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பெட்டிகளிலிருந்து கேஸ் ஏன் இவ்வளவு வேகமாகக் கசிந்துபோகிறது என்று பார்ப்பதுதான் அங்கே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. விட்டுவிட்டு பெங்களூருக்கும், பிறகு அமெரிக்காவுக்கும் படிக்கப் போனார். சில ஆண்டுகள் கழித்து, கசிந்துபோன அந்த கேஸ் போன இடத்தில் என்ன செய்கிறது என்ற கேள்வியில் அவரே மாட்டிக்கொண்டார். அந்த கேஸான குளோரோஃபுளூரோகார்பனின் (சி.எஃப்.சி.) மூலக்கூறு ஒன்று, கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு ஒன்றைப்போலப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று 1975-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அப்போது அவருக்கு முப்பது வயதுதான்.

அந்த கேஸின் பிறப்பே ஒரு நல்லெண்ணக் கதை. 1920-களில் குளிர்சாதனப் பெட்டிக்குள் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு என்று ஏதாவதொரு நஞ்சு சுற்றிக்கொண்டிருந்தது. குழாய் விட்டால் தூக்கத்திலேயே குடும்பம் போய்விடும். அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லியும் அவர் குழுவும் இதற்கு மாற்றாக சி.எஃப்.சி.யைக் கொண்டுவந்தார்கள். 1930-இல் வேதியியலாளர்கள் கூடிய அவையில் மிட்ஜ்லி அந்த ஆவியை நெஞ்சு நிறைய இழுத்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியின்மேல் ஊதி அணைத்தார். நஞ்சில்லை, தீப்பற்றாது என்ற இரண்டையும் ஒரே மூச்சில் காட்டிவிட்டார். பெட்ரோலில் ஈயம் கலந்தவரும் இவரேதான். அது வேறு கதை, அதற்குள் போனால் திரும்ப மாட்டேன்.

எதனோடும் சேராது, தண்ணீரில் கரையாது, எதற்கும் அழியாது என்பதுதான் அதன் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையே வினையாயிற்று. 1971-இல் ஜேம்ஸ் லவ்லாக், தானே செய்த நுண்கருவி ஒன்றோடு பிரிட்டனிலிருந்து அண்டார்க்டிகா போன 'ஷாக்கில்டன்' கப்பலில் ஏறி, கடல் நடுவிலும் இந்தக் கேஸ் இருப்பதை அளந்தார். ஆலையும் இல்லை, ஃப்ரிட்ஜும் இல்லை. காற்றில் மட்டும் அது இருந்தது. இதனால் தீங்கேதும் இல்லை என்றே அவரும் எழுதினார். மெக்சிகோக்காரரான மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் கலிபோர்னியாவில் உட்கார்ந்து, அழியாத பொருள் கடைசியில் எங்கே போய்த்தான் அழியும் என்று கணக்குப் போட்டார்கள். மேலே அடுக்குமண்டலம் வரை ஏறி, அங்கே புற ஊதாக் கதிரில் உடைந்து குளோரினை விடும். ஒரு குளோரின் அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளைத் தின்னும். இது 1974. அப்போது இது வெறும் தாள் கணக்கு. தொழிற்சாலைகளும் அப்படித்தான் சொல்லின, சொன்னதில் தப்பும் இல்லை. சோப்பு பூசாமல் கசிவு என்று எப்படிச் சொல்வது?

சோப்பு பூசிய கதைக்கு வருகிறேன்.

தலைக்குமேல் இருக்கும் ஓசோன் முழுவதையும் தரைமட்டக் காற்றழுத்தத்துக்கு இறக்கி ஒரே படலமாக விரித்தால் அதன் கனம் சுமார் மூன்று மில்லிமீட்டர்தான் வரும். வீட்டுத் தோசைக் கனம். அதைத் தரையிலிருந்தே அளக்க ஆக்ஸ்போர்டில் கார்டன் டாப்சன் 1920-களில் ஒரு கருவி செய்தார். ஆளுயரத்தில் படுக்கவைத்த நீளப் பெட்டி. வெயிலை உள்ளே வாங்கி, அதிலிருந்து இரண்டு அலைநீளங்களைப் பிரித்தெடுக்கும். ஒன்றை ஓசோன் நன்றாக விழுங்கும், மற்றதை அவ்வளவாக விழுங்காது. வலுவான ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கலாக்கிக்கொண்டே வந்து, இரண்டும் சமமாகி முள் நடுவில் நிற்கும்போது வட்டத்தட்டில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். மளிகைக்கடைத் தராசேதான், ஒரு தட்டில் வெயில், மறுதட்டிலும் வெயில்.

1957 ஜூலை தொடங்கிப் பதினெட்டு மாதங்கள் உலகமெங்கும் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அமெரிக்காவும் சோவியத்தும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலம். ஸ்புட்னிக் ஏறியதும் அந்த ஆண்டின் கணக்கில்தான். அதையொட்டித்தான் டாப்சன் கருவிகள் பல நாடுகளில் ஊன்றப்பட்டன. நம் கொடைக்கானலில் இந்திய வானிலைத் துறை ஓசோன் அளக்கத் தொடங்கியதும் 1957-இல். பிரிட்டிஷ்காரர்கள் அண்டார்க்டிகாவில், மிதக்கும் பனித்தட்டின்மேல் ஹாலி விரிகுடாவில் ஒரு நிலையம் போட்டார்கள். யாரும் எதையும் கண்டுபிடிக்கப் போகவில்லை. நாளும் ஒரு எண்ணைப் பதிவேட்டில் எழுதுவது, அவ்வளவுதான் வேலை.

அந்த எண்ணுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். ஊரில் கடைக்காரர் தன் தராசுக்குத் தானே முத்திரை குத்திக்கொள்ள முடியாது. எடைக்கல்லை எடுத்துக்கொண்டு அதிகாரி முன்னால் போய் நிற்க வேண்டும்; அவர் ஒரு மூலக்கல்லோடு ஒத்துப்பார்த்து ஈயத்தில் முத்திரை வைப்பார். டாப்சன் கருவிகளுக்கும் அப்படி ஒரு மூலக்கல் உண்டு, 83-ஆம் எண் கருவி. உலகத்தின் பிற கருவிகள் நேராகவோ, கைமாறி மற்றொன்றின் வழியாகவோ அதனோடு ஒத்துப்பார்க்கப்படுகின்றன. ஒரு நாட்டின் கருவி வேறொரு நாட்டின் மைதானத்தில், வேறொருவர் கருவியின் பக்கத்தில், ஒரே வெயிலின்கீழ் நிற்கும். உன்னுடையது இத்தனை சதவீதம் தப்பாகக் காட்டுகிறது என்று சொல்வார்கள். சரி என்று ஏற்றுக்கொண்டு பழைய பதிவேட்டைத் திருத்த வேண்டும். கைகுலுக்கும் புகைப்படங்களில் இது வராது. ஆனால் ஒத்துழைப்பு என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. என் எண்ணைத் திருத்த உனக்கு உரிமை தருகிறேன் என்பதைவிடப் பெரிய சம்மதம் இரண்டு நாடுகளுக்கிடையே வேறென்ன இருக்க முடியும்?

சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, புனே வானிலைக் கருவிப் பிரிவில் ஆண்டுக்கணக்கில் உழைத்த அன்னா மணிக்கு இதில் பிடிவாதம் அதிகம். வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வேண்டும், அவை உலகத் தரத்தோடு ஒத்தும் நிற்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே கேட்டவர் அவர். பலூனில் ஏற்றி ஓசோன் அளக்கும் கருவியை 1960-களில் இங்கேயே செய்யவைத்தார். பன்னாட்டு ஓசோன் ஆணையத்திலும் உறுப்பினராக இருந்தார். தப்பாக அளப்பதைவிட அளக்காமலே இருக்கலாம் என்ற கட்சி.

ஹாலியில் அந்தப் பதிவேடு சுமார் இருபது ஆண்டுகள் சலிப்பாகவே போயிற்று. ஒவ்வொரு அக்டோபரிலும் முந்நூறு டாப்சன் அலகு, அதாவது அதே மூன்று மில்லிமீட்டர், கொஞ்சம் முன்பின். ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் மூவரும் கணக்குப் பார்த்தபோது, எழுபதுகளின் பின்பாதியிலிருந்து அக்டோபர் எண் சரிந்துகொண்டே வந்திருந்தது. கருவிதான் கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தார்கள். அப்படித்தான் நினைக்கவும் வேண்டும். வேறு கருவி போயிற்று. அதுவும் அதையே சொன்னது. 1984-இல் எண் இருநூறுக்கும் கீழே. 1985 மே மாதம் 'நேச்சர்' இதழில் வந்தபோது உலகம் அதிர்ந்தது.

செயற்கைக்கோள் இதைப் பார்க்கவில்லையா என்று கேட்பார்கள். நிம்பஸ்-7 பார்த்தது. ஆனால் 180-க்குக் கீழே வரும் எண்களைச் சந்தேகத்துக்குரியவை என்று குறித்துவைக்க மென்பொருளுக்குச் சொல்லியிருந்தார்கள். கணினி அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டது என்ற கதை சுவையாக இருந்தாலும் உண்மையில்லை. தனியே ஒதுக்கி வைத்திருந்தது, மனிதர்கள் போய்ப் பார்க்கத் தாமதமாயிற்று. இதைவிட எனக்கு உறுத்துவது ஷிகெரு சுபாச்சியின் கதை. ஜப்பானின் சியோவா நிலையத்தில் 1982-இல் அதே சரிவை அளந்து, 1984-இல் கிரேக்கத்தில் நடந்த ஓசோன் கருத்தரங்கில் ஒரு சுவரொட்டியாக வைத்தார். பார்த்தவர்கள் நகர்ந்துபோய்விட்டார்கள். ஒரே நிலையம், ஒரே ஆண்டு. பக்கத்தில் இருபது ஆண்டுச் சலிப்பு இல்லாத எண்ணை யார் நம்புவார்கள்?

அதன்பின் நடந்தது பலரும் அறிந்தது. 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியாலில் இருபத்துநான்கு நாடுகளும் ஐரோப்பியச் சமூகமும் சி.எஃப்.சி.யைக் குறைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் மெலிந்த அந்தத் 'துளை'க்குக் காரணம் குளோரின்தான் என்று சிலியின் புன்டா அரீனாஸிலிருந்து பறந்த விமானங்கள் உறுதியாகக் காட்டிக்கொண்டிருந்தது அதே வாரங்களில்தான். அதாவது முழுச் சாட்சியும் வருமுன்பே கையெழுத்து விழுந்தது. முதலில் எழுதியது பாதியாகக் குறைப்பதற்கு மட்டும். ஆனால் அறிவியலாளர்கள் புதிதாக ஏதும் சொன்னால் எண்களை மாற்றிக்கொள்ளலாம் என்று உள்ளேயே ஒரு கதவு வைத்தார்கள். அந்தக் கதவுதான் ஒப்பந்தத்தைக் காப்பாற்றியது.

பொறியாளர்கள் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தார்கள். அரசுகளுக்கு ஆலோசனை சொன்ன தொழில்நுட்பக் குழுவில் ஆலைகளில் வேலை பார்த்தவர்களே உட்கார்ந்தார்கள். இதில் கள்ளம் புகும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் எது முடியும் எது முடியாது என்று அவர்களுக்குத்தானே தெரியும். மின்சுற்றுப் பலகைகளைக் கழுவ சி.எஃப்.சி.-113 இல்லாமல் முடியாது என்று சாதித்துக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுத்த டெர்பீன் அந்த வேலையைச் செய்தது. இன்னும் கொஞ்சம் யோசித்தவர்கள், பற்றவைக்கும்போதே அழுக்கு ஒட்டாமல் பார்த்துக்கொண்டால் கழுவவே வேண்டாமே என்றார்கள். ஆண்டுக்கணக்கில் தேவையில்லாமல் கழுவியிருக்கிறார்கள்!

இதை ஒரு நீதிக்கதையாக்கி எல்லாச் சுற்றுச்சூழல் மேடையிலும் வாசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சி.எஃப்.சி. செய்த ஆலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மிகப் பெரிய தயாரிப்பாளரான டூபான்ட் மாற்றுப்பொருளிலும் காசு பார்க்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் 1988-இல் விலகியது. நிலக்கரியை அப்படி விலக்க முடியாது. தவிர, துளை போட்டவர்கள் ஒரு பக்கம், அடைக்கச் சொல்லப்பட்டவர்கள் மறுபக்கம் என்ற வழக்கும் இருந்தது. அப்போதுதான் நம் நடுத்தர வீடுகளுக்குள் ஃப்ரிட்ஜ் நுழைந்துகொண்டிருந்தது; மேட்டூரிலும் குஜராத்திலும் ஆலைகள் சி.எஃப்.சி. தயாரித்துக்கொண்டிருந்தன. 1990-இல் ஒப்பந்த நாடுகளின் லண்டன் கூட்டத்தில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி, தொழில்நுட்பமும் பணமும் தராமல் எங்களிடம் கையெழுத்துக் கேட்காதீர்கள் என்ற நிலையில் நின்றார். அது முரண்டு என்று மேற்கில் எழுதினார்கள். எனக்கு அது தராசை ஒத்துப்பார்க்கச் சொன்னதாகவே படுகிறது. பலதரப்பு நிதி ஒன்று பிறந்தது. முதல் மூன்றாண்டுக்கு 16 கோடி டாலர், இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் 24 கோடி. நிர்வாகக் குழுவில் வளர்ந்த நாடுகளுக்கு ஏழு இருக்கை, வளரும் நாடுகளுக்கு ஏழு. இந்தியா 1992-இல் சேர்ந்தது. 2009-க்குள் உலகத்தின் எல்லா நாடுகளும் சேர்ந்துவிட்டன.

எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது மறுபடி ஒரு குமிழி. 2018-இல் அமெரிக்காவின் ஸ்டீபன் மொன்ட்ஸ்காவும் உடனிருந்தவர்களும், காற்றில் சி.எஃப்.சி.-11 குறையும் வேகம் 2012-க்குப் பிறகு பாதியாகிவிட்டதைக் காட்டினார்கள். லட்சம் கோடிப் பங்கில் இருநூற்றுச் சொச்சம் பங்கு இருக்கும் ஒரு பொருள் அது. 2010-லேயே உற்பத்தி நின்றுவிட்டதாக எல்லா நாடுகளும் எழுதிக்கொடுத்திருந்தன. அப்படியானால் யாரோ எங்கோ செய்கிறார்கள். எங்கே? தென்கொரியாவின் ஜேஜு தீவில் கோசான் நிலையமும், ஜப்பானின் ஹதெருமா தீவு நிலையமும் காற்று எந்தத் திசையிலிருந்து வீசும்போது எண் ஏறுகிறது என்று ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்திருந்தன. 2019-இல் அந்தப் பதிவேடுகளைக் காற்றோட்டக் கணக்கோடு பொருத்தியபோது கிழக்குச் சீனா தெரிந்தது, முக்கியமாக ஷான்டோங், ஹெபெய் மாகாணங்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழாயிரம் டன் கூடுதல். சுவர்களிலும் குளிர்ப்பெட்டிகளிலும் வெப்பம் புகாமல் அடைக்கும் பாலியூரித்தேன் நுரை செய்கிற சின்னச் சின்னப் பட்டறைகள், மலிவு என்று பழைய சரக்குக்கே திரும்பியிருந்தன. நுரைக்குள் இருந்த கசிவை நுரை பூசித்தான் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, சொல்லிவிட்டேன். பெய்ஜிங் சோதனைகளைக் கடுமையாக்கியது. 2021-க்குள் எண் மறுபடி இறங்கியதை அதே தீவுகள் எழுதிக்கொண்டன.

கூடுதலான கசிவில் ஏறத்தாழப் பாதிக்குத்தான் முகவரி கிடைத்தது. மிச்சத்துக்குக் கிடைக்கவில்லை. கோசானைப் போன்ற நிலையம் இல்லாத நிலப்பரப்பு ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் நம் துணைக்கண்டத்திலும் பரந்துகிடக்கிறது. அங்கெல்லாம் இன்னும் யாரும் சோப்பு பூசவில்லை.

எங்கள் மெக்கானிக் அதற்குள் குழாயின் முனையை அறுத்து, புதிதாக விரித்து, நட்டை மாட்டிக்கொண்டிருந்தார். சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுக்கும்போது லேமினேட் செய்த ஒரு அட்டை கீழே விழுந்தது. கேஸைக் காற்றில் விடாமல் எப்படிப் பிடிப்பது, எப்படி வாக்குவம் போடுவது என்று இரண்டு நாள் பயிற்சி எடுத்ததற்கான அட்டை. "மத்தியான சாப்பாடு போட்டு, பேக் ஒண்ணு குடுத்தாங்க சார்." லண்டனில் ஏழுக்கு ஏழு என்று இருக்கை போட்டுப் பேசிய பணம் முப்பது ஆண்டுகளில் பல கை மாறி இந்த மாடிக்கு ஒரு சாப்பாடாகவும் ஒரு பையாகவும் வந்து சேர்ந்திருக்கிறது. நான் இதை அவரிடம் சொல்லவில்லை.

என் சிறுவயதில் ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு வந்தவர் திண்ணையில் வைத்துக் குழாயை வெட்டிவிடுவார். புஸ்ஸென்று சீறிவரும் குளிரில் கை நீட்டுவதற்குத் தெருப்பிள்ளைகள் அடித்துக்கொள்வோம். 1991 என்று நினைவு. அந்த சி.எஃப்.சி.-12 காற்றில் தங்கும் காலம் நூறு ஆண்டு. அன்று எங்கள் விரல்களைத் தொட்டுப்போனதில் கிட்டத்தட்ட முக்கால்வாசி இன்னும் மேலேதான் இருக்கிறது. அண்டார்க்டிகாவின் துளை 1980-இல் இருந்த நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ 2066 ஆகும் என்கிறார்கள். இப்போது எங்கள் ஏசியில் ஓடும் ஆர்-32 ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப்போல அறுநூறு மடங்குக்கு மேல். ராமநாதன் 1975-இல் எழுப்பிய கேள்விக்கு, மான்ட்ரியால் ஒப்பந்தத்தை 2016-இல் கிகாலி நகரில் திருத்தியபோதுதான் பதில் வந்தது. இந்தியா இவ்வகை கேஸ்களின் ஏற்றத்தை 2028-இல் நிறுத்தி, 2047-க்குள் 85 சதவீதம் குறைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறது.

நட்டை முறுக்கி, நைட்ரஜனை மறுபடி ஏற்றி, டம்ளரில் மிச்சமிருந்த நுரையை வழித்துப் பூசினார். இரண்டுபேரும் குனிந்து பார்த்தோம். வெயில் முதுகில் சுட்டது. நுரை அசையாமல் இருந்தது. சரியாகிவிட்டதே, கேஸ் அடித்துவிடலாமே என்றேன்.

"இன்னும் பத்து நிமிஷம் பாத்துருவோம் சார்" என்றார்.